பஞ்சுப் போர்வை தைக்கும் யந்திரத்தைக் காற்றழுத்தத்தால் சுத்தம் செய்யும் முறை

பருத்தி பயிரிடும் குடியானவர், விளைந்த பருத்தியை அப்படியே விற்றுவிடுவதோடு நில்லாமல், அதில் ஒரு பகுதியையேனும் கிராமத்திலேயே பண்டமாக்கி விற்பாராயின் வரும்படி அதிகமாகும் என்பது நெடுநாளாகச் சொல்லப்பட்டு வரும் விஷயம். அவ்வாறு செய்யத்தக்க தொழில்களுள் பஞ்சுப் போர்வை தைப்பதும் ஒன்று. இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சைச் சமனாகப் பரப்பி, மூன்றும் ஒன்றாய்ச் சேரும்படி குறுக்கும் நெடுக்குமாகத் தையலிடுவதே இத்தொழில். கையால் தைத்தால் பல நாள் செல்லும் போர்வையை, குவில்டிங் மெஷின் என்று வழங்கும் தையல் யந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடும். ஆகையால் வசதியுள்ள பண்ணை வீட்டாரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் கடன் பெற்றேனும் இத்தகைய யந்திரத்தை வாங்கித் தொழில் நடத்தக் கூடும்.

யந்திரம் ஓடத் தொடங்கிச் சில காலம் சென்றபின் குறைகள் தலைகாட்டும். தையல் விட்டுவிட்டு விழும். நூல் அடிக்கடி அறும். போர்வையின் அடிப்புறத்தில் நூல் சுருள் சுருளாகத் தொங்கும். யந்திரம் முன்னில்லாத ஓசையுடன் கனத்து ஓடும். ஊசியை மாற்றியும், நூலை மாற்றியும் பயன் காணாதபோது யந்திரமே கெட்டுவிட்டதென்று முடிவு செய்வார்கள். உண்மையில் அநேக சமயங்களில் கெட்டது யந்திரமன்று; அதன் உள்ளே பஞ்சுத் தூசு அடைந்துகொண்டது, அவ்வளவே.

டிராக்டர் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் பொருட்டுக் கம்ப்ரெஸர் என்னும் காற்றழுத்த யந்திரம் இக்காலத்தில் பல பண்ணைகளில் இருக்கிறது. அதன் குழாயைக் கொண்டுவந்து தையல் யந்திரத்தினுள் ஊதிவிட்டால் தூசெல்லாம் ஒரே நொடியில் பறந்துவிடுமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அந்த எண்ணம் முழுதும் தவறுமன்று, முழுதும் சரியுமன்று. முறையறிந்து செய்தால் ஒரு மணி நேர வேலை சில நிமிஷங்களில் முடியும். முறையறியாது செய்தால் யந்திரத்திற்கும், அதை இயக்குவோரின் நெஞ்சிற்கும் கேடு நேரும். அதன் காரணங்களும், கைக்கொள்ள வேண்டிய முறையும் கீழே விளக்கப்படுகின்றன.

தூசு எங்கிருந்து வருகிறது?

சாதாரணத் துணி தைக்கும் யந்திரத்தைக் காட்டிலும் பஞ்சுப் போர்வை தைக்கும் யந்திரத்தில் தூசு பன்மடங்கு அதிகம். ஊசி ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் நடுவிலுள்ள பஞ்சைத் துளைத்துச் செல்கிறது. அப்போது சில இழைகள் ஊசியோடும் நூலோடும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகின்றன. இதுவன்றி, தைக்கும் நூலும் ஊசிக் கண்ணின் வழியாக முன்னும் பின்னுமாகப் பல தடவை உராய்ந்த பின்னரே ஒரு தையலாக அமைகிறது. அவ்வுராய்வினால் நூலின் மேலுள்ள மெல்லிய மயிர்கள் உதிர்கின்றன. பாலியெஸ்டர் நூலைவிடப் பருத்தி நூலில் இவ்வுதிர்ச்சி மிகுதி.

இவ்வாறு உதிர்ந்தவை முக்கியமாக ஐந்து இடங்களில் தங்குகின்றன. ஊசித் தட்டின் அடியில், துணியை நகர்த்தும் பற்களுக்கு இடையே தங்குவது முதலாவது. பாபின் கேஸிலும் அதைச் சுற்றிச் சுழலும் கொக்கியிலும் சேர்வது இரண்டாவது. மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் வட்டத் தகடுகளின் இடையே நுழைவது மூன்றாவது. மோட்டாரின் காற்றுத் துவாரங்களில் படிவது நான்காவது. பெரிய சட்டத்தின்மேல் உருண்டோடும் நீண்ட கையுள்ள யந்திரமாயின், அது ஓடும் தண்டவாளங்களிலும் சிறு சக்கரங்களிலும் ஒட்டுவது ஐந்தாவது.

ஒவ்வோரிடத்திலும் விளையும் தீங்கு வெவ்வேறு. பற்களின் இடையே அடைந்த தூசு, நாளடைவில் கம்பளித் துண்டுபோல் இறுகிப் பற்களை மேலெழாமல் தடுக்கும். துணி சரியாக நகராது. டென்ஷன் தகடுகளின் நடுவே ஓர் இழை சிக்கினாலும் அவை முற்றிலும் மூடிக்கொள்ளா. நூல் தளர்ந்து போர்வையின் அடியில் சுருளாகத் தொங்கும். பாபின் கேஸின் சிறு வில்தகட்டின் கீழ்த் தூசு புகுந்தால் அடிநூல் தளர்ந்துபோகும். மோட்டாரின் துவாரங்கள் அடைபட்டால் சூடு வெளியேற வழியின்றி, உள்ளிருக்கும் கம்பிச் சுற்று கருகும். தண்டவாளத்தில் தூசு ஒட்டினால் யந்திரத் தலை தடைபட்டு நகர்ந்து, தையல்கள் ஒன்றுக்கொன்று நீளம் மாறி விழும்.

எல்லாவற்றினும் பெரிய தீங்கு சுழலும் கொக்கியிடத்தே உண்டாகிறது. இக்கொக்கி ஒரு தையலுக்கு இருமுறை சுழல்வது வழக்கம். நிமிஷத்துக்கு 1,500 தையல் விழும் வேகத்தில் ஓடும் யந்திரத்தில் அது 3,000 சுற்றுச் சுற்றுகிறது. கொக்கியின் நுனிக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளி ஒரு மயிரிழை அளவே. இவ்விடத்துக்கு இடையறாது எண்ணெய்ப் பசை வேண்டும். பஞ்சோ, விளக்குத் திரிபோல் எண்ணெயை உறிஞ்சும் தன்மையது. கொக்கியைச் சுற்றித் தங்கிய பஞ்சு, விட்ட எண்ணெயையெல்லாம் தானே குடித்துவிட்டு உலோகத்தை உலரவிடுகிறது. எண்ணெய் விட்டோம் என்று வேலையாள் நினைத்திருக்க, கொக்கி வறண்ட நிலையில் தேய்ந்துகொண்டிருக்கும். தேய்ந்த கொக்கியை மாற்றுவதன்றி வேறு பரிகாரமில்லை.

ஊதுவதா, உறிஞ்சுவதா?

1901-ஆம் ஆண்டில் லண்டன் நகரில், அழுத்தக் காற்றை ஊதித் தூசைப் போக்கும் கருவியொன்று பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டது. அதைக் கண்ட ஹியூபர்ட் ஸெஸில் பூத் என்ற எஞ்சினீயர், ஊதப்பட்ட தூசு சிறிது நேரம் பறந்து மீண்டும் படிவதைக் கவனித்து, ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சி ஒரு துணியில் வடிகட்டினால் என்னவென்று யோசித்தார். அவ்வாண்டிலேயே உறிஞ்சும் யந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று வாக்குவம் கிளீனர் என்று வழங்குவது அவ்வழி வந்ததே.

இதில் அடங்கிய உண்மை மிகவும் கவனிக்கத்தக்கது. ஊதும் காற்று தூசை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. மாறிச் செல்லும் இடம் யந்திரத்திற்கு வெளியே திறந்த வெளியாயிருந்தால் நன்மை. யந்திரத்தின் உட்புற மூலையாயிருந்தால் தீமை. கொக்கியின்மேல் மெத்தென்று கிடந்த பஞ்சை முன்புறமிருந்து பலமாக ஊதினால், அது பின்னாலுள்ள தண்டின் தாங்குமிடத்தினுள்ளும், மின்சாரத் தகடுகள் இருக்கும் பெட்டியினுள்ளும் போய் இறுகும். முன்பு கைக்கெட்டிய தூசு, பின்பு யந்திரத்தை முழுதும் பிரித்தாலன்றி எட்டாத தூசாகிவிடும்.

ஆகவே தூரிகையால் தள்ளி எடுப்பதும், உறிஞ்சி எடுப்பதும் முதல் வேலை. இவ்விரண்டும் எட்டாத இடுக்குகளுக்கு மட்டும் காற்றைப் பயன்படுத்துவது இரண்டாவது வேலை. இந்த வரிசையை ஒருபோதும் மாற்றுதல் கூடாது. மேலும், யந்திரத்தோடு வந்த கையேட்டை முதலில் வாசித்தல் வேண்டும். அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தலாகாதென்று சில யந்திரங்களின் கையேட்டில் கண்டிருக்கும். அவ்வாறாயின் அந்த யந்திரத்துக்குக் காற்றை அறவே விலக்கித் தூரிகையும் உறிஞ்சியும் கொண்டே சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

காற்றோடு வரும் நீர்

காற்றழுத்த யந்திரத்தின் தொட்டியிலிருந்து வருவது வெறுங்காற்று என்று பலரும் எண்ணுவர். அதில் நீரும் கலந்திருக்கும். இதன் காரணத்தை ஒரு கணக்கினால் எளிதில் அறியலாம்.

30 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 30 கிராம். காற்றின் ஈரப்பதம் 100-க்கு 70 என்றிருக்கும் நாளில் அதில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். காற்றழுத்த யந்திரம் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தம் காட்டும்போது, ஏறக்குறைய 8 பங்கு வெளிக்காற்று ஒரு பங்கு இடத்தில் அடைக்கப்படுகிறது. 50 லிட்டர் தொட்டியாயின் உள்ளே புகுந்தது 400 லிட்டர் வெளிக்காற்று. அதனுடன் சென்ற நீராவி சுமார் 8½ கிராம். தொட்டியின் சூடு ஆறியபின் அந்த 50 லிட்டர் இடம் தாங்கக்கூடியது 1½ கிராம் மட்டுமே. மிகுந்த 7 கிராமும் நீராக மாறித் தொட்டியின் அடியில் தங்கும். தொட்டி பத்துமுறை நிரம்பினால் 70 கிராம், அதாவது ஒரு சிறு டம்ளரில் பாதியளவு நீர் சேரும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இன்னும் அதிகம்.

இந்நீரை வடிக்காமல் ஊதினால், துளிகள் காற்றோடு சென்று கொக்கியிலும் ஊசித் தண்டிலும் படியும். மெருகிட்ட உருக்கின்மேல் ஓர் இரவு நீர் தங்கினாலும் துருப் புள்ளி தோன்றும். அப்புள்ளியில் நூல் உராய்ந்து அறும். நனைந்த பஞ்சோ ஒட்டிக்கொண்டு அசையாது. எண்ணெயிட்டு ஓடும் வகைக் காற்றழுத்த யந்திரமாயின், நீரோடு எண்ணெய்ப் புகையும் சேர்ந்து வரும்; அது போர்வைத் துணியில் பட்டால் கறை எளிதில் போகாது.

ஆதலால் தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயை ஒவ்வொரு நாளும் திறந்து நீரை வெளியேற்றுதல் அவசியம். காற்றுக் குழாயில் நீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்துவது மிகவும் அநுகூலம். ஊதுவதற்கு முன், ஒரு சுத்தமான வெள்ளைத் துணியின்மேல் அரை நிமிஷம் காற்றைச் செலுத்திப் பார்க்க வேண்டும். துணியில் ஈரமோ மஞ்சள் கறையோ கண்டால் அந்தக் காற்று தையல் யந்திரத்துக்கு உதவாது.

நீரை வடிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. அடியில் நீர் தேங்கிய தொட்டி உட்புறமாகத் துருவேறி, கண்ணுக்குத் தெரியாமல் மெலிந்துகொண்டே போகும். மெலிந்த தொட்டி ஒரு நாள் அழுத்தம் தாங்காமல் வெடித்தால் அருகிலிருப்பவர் உயிருக்கே ஆபத்து.

அழுத்தம் எவ்வளவு?

சக்கரத்துக்குக் காற்றடிக்கும் தொட்டியில் சாதாரணமாக 7 அல்லது 8 கிலோ அழுத்தம் இருக்கும். அதே அழுத்தத்தில் தையல் யந்திரத்தினுள் ஊதுவது பெருந்தவறு. ரெகுலேட்டர் என்னும் அழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகினால் 2 கிலோவுக்குள் குறைத்துக்கொள்ள வேண்டும். சதுர அங்குலத்துக்கு இது சுமார் 28 பவுண்டு ஆகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட தொழிற்பாதுகாப்பு விதிகளில், சுத்தம் செய்யப் பயன்படும் காற்று 30 பவுண்டுக்குக் குறைவாயிருத்தல் வேண்டுமென்றும், தெறிப்பவை உடலில் படாதபடி மறைப்பும் பாதுகாப்பு அணிகளும் வேண்டுமென்றும் விதிக்கப்பட்டுள்ளது. ஊதும் முனையிலும் பக்கத் துவாரங்கள் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நலம். முனையின் வாய் தற்செயலாக அடைபட்டாலும் காற்று பக்கவாட்டில் வெளியேறி அழுத்தம் ஏறாமல் இருக்கும்.

அழுத்தக் காற்று விளையாட்டுப் பொருளன்று. தோலில் சிறு காயம் இருக்குமிடத்தில் அதைச் செலுத்தினால் காற்று சதைக்குள் புகுந்து வீக்கமுண்டாக்கும். இரத்தக் குழாயில் புகுந்தால் மரணமும் நேரலாம். காதில் பட்டால் செவிப்பறை கிழியும். பரிகாசமாக ஒருவர் உடலின் துவாரத்தில் காற்றைச் செலுத்தப் போய்க் குடல் கிழிந்து உயிர் நீங்கிய பரிதாபங்கள் தொழிற்சாலைகளில் நேர்ந்துள்ளன. ஆகையால் உடுப்பில் படிந்த பஞ்சை ஊதிப் போக்கிக்கொள்ளும் வழக்கத்தையும் அடியோடு விடவேண்டும். சிறுவர்கள் கையில் குழாயைக் கொடுத்தல் எக்காரணத்தாலும் கூடாது.

நெஞ்சுக்கு வரும் கேடு

பஞ்சுத் தூசை நெடுங்காலம் சுவாசிப்போருக்கு பிஸினோஸிஸ் என்னும் நுரையீரல் நோய் உண்டாவதை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். ஓய்வு நாள் கழிந்து மீண்டும் வேலைக்கு வரும் முதல் நாளில் மார்பு இறுக்கமும் மூச்சுத் திணறலும் தோன்றுவது இதன் முதற்குறி. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையுள்ள ஆலைகளில் இது திங்கட்கிழமைகளில் தோன்றுவதால் திங்கட்கிழமை நோய் என்றே ஆலைத் தொழிலாளரிடையே பெயர் பெற்றது. தொடக்கத்திலேயே தூசை விலக்கினால் குணமாகும். பல ஆண்டுகள் அசட்டையாயிருந்தால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டு, மூச்சு விடுவதே பிரயாசையாகும். நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இந்நோய் தொழிலால் வரும் நோய்களுள் ஒன்றாக இடம்பெற்றது.

தட்டின் அடியில் அசையாது கிடக்கும் தூசு ஒருவர் நெஞ்சையும் கெடுப்பதில்லை. அதை அழுத்தக் காற்றால் ஊதி அறை முழுவதும் பரப்பும்போதுதான் கேடு தொடங்குகிறது. அதிலும் கண்ணுக்குத் தெரியும் பெரிய இழைகள் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசே நெடுநேரம் மிதந்து நுரையீரலின் ஆழத்துக்குச் செல்கிறது. இதைக் கருதியே, அமெரிக்க நாட்டில் 1978-ஆம் ஆண்டில் ஏற்பட்ட பருத்தித் தூசு விதியில், வேறு வழி இயலுமிடத்தில் அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தல் தடுக்கப்பட்டது. வேறு வழியின்றி ஊத நேர்ந்தால், ஊதுவோர் தக்க மூச்சுக் கவசம் அணிதல் வேண்டுமென்றும், அங்கே வேலையில்லாத மற்றவர் அவ்விடத்தை விட்டு வெளியேறுதல் வேண்டுமென்றும் அவ்விதி கூறுகிறது.

ஆலைக்கு ஏற்ற விதி வீட்டுக்கு எதற்கு என்று கேட்பது பொருந்தாது. ஆலையில் உயர்ந்த கூரையும் காற்றுப் போக்கிகளும் உண்டு. வீட்டில் யந்திரம் நிற்கும் அறையிலேயே தொட்டிலும் அடுக்களையும் இருப்பதுண்டு. அந்தக் குறுகிய இடத்தில் ஒரு நிமிஷம் ஊதிய தூசு, அன்று முழுவதும் அங்கே உறங்கும் குழந்தையின் மூச்சில் சேரும்.

தீ அபாயமும் மறக்கத்தக்கதன்று. காற்றில் பரவிய பஞ்சு எளிதில் பற்றிக்கொள்ளும். இலவம் பஞ்சு இன்னும் எளிதில் பற்றும். அடுப்பு, விளக்கு, பீடி, பொறி தெறிக்கும் மின்சார விசை ஆகியவை அருகிலிருக்கையில் ஊதுதல் ஆகாது.

சுத்தம் செய்யும் முறை

மேற்கூறிய யாவற்றையும் மனத்திற்கொண்டு, வேலையைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்துவரலாம்.

1. யந்திரத்தின் விசையை நிறுத்துவதோடு, மின்சாரச் செருகியையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடவேண்டும். ஊசி, நூல், பாபின், பாபின் கேஸ் ஆகியவற்றை எடுத்து ஒரு தட்டில் வைத்து, ஊசித் தட்டின் திருகாணிகளைக் கழற்றித் தட்டையும் அகற்ற வேண்டும்.

2. தூக்கிச் செல்லக்கூடிய சிறு யந்திரமாயின் வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசை நோக்கி மூக்கு வராதபடி வைத்துக்கொள்ள வேண்டும். அசைக்க முடியாத பெரிய யந்திரமாயின் கதவு சாளரங்களைத் திறந்து, போர்வைத் துணிகளை மூடி, மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும்.

3. வேலை செய்பவர் கண்ணாடிக் கவசமும், நுண்தூசைத் தடுக்கும் மூச்சுக் கவசமும் அணிதல் வேண்டும். முந்தானையை மூக்கில் சுற்றிக்கொள்வது பெரிய இழைகளைத் தடுக்குமேயன்றி நுண்தூசைத் தடுக்காது.

4. மென்மையான தூரிகையால் கொக்கி, பற்கள், பாபின் கேஸ் ஆகியவற்றிலுள்ள பஞ்சைத் தன்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும். இறுகிக் கிடப்பதைச் சிறு இடுக்கியால் பற்றி எடுக்கலாம். ஊசிமுனை போன்ற கூரிய உருக்குக் கருவிகளால் கொக்கியைச் சுரண்டினால் மெருகு கீறப்படும். பின்பு வாக்குவம் கிளீனரின் சிறு முனையால் உறிஞ்ச வேண்டும்.

5. காற்றழுத்தத் தொட்டியின் நீரை வடித்து, அழுத்தத்தை 2 கிலோவுக்குள் அமைத்து, வெள்ளைத் துணியில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

6. ஊதும் முனையை யந்திரத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், சாய்வாகப் பிடித்து, உள்ளிருந்து வெளியே தூசு வரும் திசையில் சிறு சிறு மூச்சாக ஊதவேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து ஊதுதல் கூடாது. உறிஞ்சியிருக்குமாயின், அதன் வாயை எதிர்ப்புறத்தில் பிடித்துக்கொண்டால் பறக்கும் தூசை அதுவே வாங்கிக்கொள்ளும். இதற்கு இருவர் சேர்ந்து செய்வது நலம்.

7. தண்டுகளின் தாங்குமிடங்கள், எண்ணெய்த் திரிகள், மின்சாரத் தகடுகள், திரைகள் ஆகியவற்றை நோக்கி நேராக ஊதுதல் ஆகாது. டென்ஷன் தகடுகளைச் சுத்தம் செய்யும்போது துணியை அழுத்தும் காலை மேலே தூக்கிவிட வேண்டும். அப்போதுதான் தகடுகள் விரிந்து உள்ளிருக்கும் இழை வெளிவரும்.

8. கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றிக் கொக்கியின் மறுபக்கம் வெளிவரச் செய்து, மீண்டும் தூரிகையிட வேண்டும்.

9. காற்று பட்டதால் எண்ணெய்ப் பசையும் போயிருக்கும். ஆகவே கையேட்டில் குறித்த இடங்களில் தையல் யந்திர எண்ணெய் ஒவ்வொரு துளி விடவேண்டும். சமையல் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் நாளடைவில் பிசினாகி யந்திரத்தை இறுக்கிவிடும், அவற்றை விடலாகாது.

10. தட்டையும் ஊசியையும் பொருத்தி, ஒரு கந்தல் துணியில் சிறிது நேரம் தைத்துப் பார்க்க வேண்டும். மிகுந்த எண்ணெய் கந்தலில் போய்விடும், போர்வை கறைபடாது.

தூரிகையால் தட்டின் அடியைச் சுத்தம் செய்வதை ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் செய்ய வேண்டும். பாபின் மாற்றும்போதெல்லாம் கொக்கியிடத்தை ஒரு தடவை தூரிகையால் துடைப்பது மிகச் சிறந்த பழக்கம். அவ்வாறு செய்துவரும் யந்திரத்துக்கு அழுத்தக் காற்று எப்போதாவது ஒரு முறையே தேவைப்படும். அடிக்கடி ஊதவேண்டியிருப்பது, தினந்தோறும் தூரிகை இடவில்லை என்பதற்கே அடையாளம்.

பண்ணையின் மற்ற யந்திரங்கள்

மேலே சொன்ன தத்துவம் பண்ணையிலுள்ள மற்ற யந்திரங்களுக்கும் பொருந்தும். டிராக்டரின் ரேடியேட்டரில் வைக்கோல் தூசும் பதரும் அடைத்துக்கொண்டால், எஞ்சின் ஆறியபின், விசிறியின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஊதவேண்டும். அதாவது காற்று வழக்கமாகச் செல்லும் திசைக்கு எதிராக ஊதினால்தான் தூசு வந்த வழியே திரும்பும். முன்பக்கமிருந்து ஊதினால் பதர் இன்னும் ஆழமாகப் போய் இறுகும். காகிதத்தாலான காற்று வடிகட்டியையும் குறைந்த அழுத்தத்தில் உள்ளிருந்து வெளிப்புறமாகவே ஊதவேண்டும். ஊதியபின் உள்ளே ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்து, ஒளி புள்ளியாகத் தெரியுமிடத்தில் கிழிசல் உண்டென்றறிந்து அவ்வடிகட்டியை நீக்கிவிட வேண்டும். கிழிந்த வடிகட்டியின் வழியே செல்லும் மண்தூசு எஞ்சினை அரைத்துவிடும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

குழுவுக்குப் பொதுவான யந்திரம் இருக்குமிடத்தில், எல்லாருக்கும் உரிய பொருள் எவரும் கவனியாத பொருளாகிவிடுவது சகஜம். யந்திரம் நின்றாலும் கடன் தவணை நிற்பதில்லை. ஒரு மாதம் யந்திரம் ஓடாமற்போனால், கூலியை நம்பியிருக்கும் குடும்பங்கள் கைப்பொருளிலிருந்து தவணை கட்ட நேரிடும்; அதற்கு வழியில்லாதவர் வெளியில் வட்டிக்கு வாங்குவர். இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு கைப்பிடிப் பஞ்சாக இருக்கக்கூடும். ஆகையால் ஊர்த் தலைவர்களும் அதிகாரிகளும் இவ்விஷயத்தில் சிறிது சிரத்தை எடுத்துக்கொள்வது பெரிதும் நன்மை தரும்.

யந்திரத்தின் அருகே ஒரு கணக்குப் புத்தகம் வைத்து, தூரிகையிட்டவர் பெயரும் நாளும், எண்ணெய் விட்ட நாளும், காற்று ஊதிய நாளும் எழுதச் செய்யலாம். காற்றழுத்த யந்திரத்தைத் தையல் அறைக்கு வெளியே, வெயிலும் மழையும் படாத கொட்டகையில், பூட்டி வைக்கச் செய்யலாம். அதன் பாதுகாப்பு வால்வின் வளையத்தை இடையிடையே இழுத்து அது திறக்கிறதா என்று சோதிக்கச் செய்ய வேண்டும். வேலை அறையில் சாளரமும், உறிஞ்சியும், மூச்சுக் கவசங்களும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையெனில் யந்திரம் வாங்கும் தொகையிலேயே அவற்றுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்வது உத்தமம். மார்பு இறுக்கம், நீங்காத இருமல் ஆகியவற்றால் வருந்தும் பெண்களை, சாதாரணச் சளியென்று விட்டுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அவர்கள் பஞ்சு வேலை செய்வோர் என்பதையும் வைத்தியரிடம் தெரிவிக்கச் செய்ய வேண்டும். வைத்தியர் கேளாவிடினும் அதைச் சொல்லுதல் அவசியம்.

சுருக்கமாகச் சொல்லுமிடத்து, தினமும் தூரிகை, அடுத்து உறிஞ்சி, கடைசியாகக் காற்று என்பதே வரிசை. அக்காற்றும் நீர் நீங்கியதாய், 2 கிலோவுக்கு மிகாததாய், உள்ளிருந்து வெளியே செல்வதாய் இருத்தல் வேண்டும். ஊதுபவர் முகம் மூடியிருத்தலும், மற்றவர் விலகியிருத்தலும் வேண்டும். ஊதியபின் எண்ணெய் விட மறத்தலாகாது. இவற்றைக் கடைப்பிடிக்கும் குடும்பத்தில் யந்திரமும் பல ஆண்டு உழைக்கும். அதை இயக்கும் கைகளும் நோயின்றி உழைக்கும்.